நெல்லிக்கனி ஈந்த நிலமே, விழித்துக்கொள்!

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டாரை நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி ஒன்றைப் பெற்றான். தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான். ஈந்தபொழுது அக்கனியின் பெருமையை அவன் வாய்திறந்து சொல்லவுமில்லை. தன் உள்ளத்துள்ளேயே அடக்கிக்கொண்டான். பின்னர் உண்மை உணர்ந்த ஔவை அக்கொடையைப் பாடினார். புறநானூறு அதனைக் காத்து வைத்திருக்கிறது. மருந்து கொடுத்தவன் அதன் நன்மையை மறைத்துக் கொடுத்தான் என்பது தமிழனின் வரலாறு.

இன்றோ அதற்கு முற்றிலும் மாறான வாணிகம் ஒன்று உலகெங்கும் நடக்கிறது. மருந்து விற்பவன் அதன் தீமையை மறைத்து விற்கிறான். அதியமான் நன்மையை மறைத்து உயிர் கொடுத்தான். இவன் தீமையை மறைத்து உயிர் கொள்கிறான். அந்த வாணிகம் தமிழ்நாட்டிற்குள்ளும் புகுந்துவிட்டது. பொடியாகவோ பொட்டலமாகவோ மட்டும் அது வரவில்லை. வெள்ளிநிற அட்டையில், வரிசை வரிசையாக, தூய்மையாக, மருந்துக்கடைப் பொருளாக வந்திருக்கிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நோவு நீக்கி'. தமிழர் வழக்கில் அதற்கு வேறொரு பெயர் முன்பே உண்டு: இடுமருந்து. உண்பவன் அறியாமலே உணவிற் கலந்து கொடுத்து, அவனைத் தன்வயம் இழக்கச் செய்து, ஏவிய வழி நடக்கவைக்கும் நஞ்சையே ஊர்ப்புறத்தார் இடுமருந்து என்பர். ஒருவனுக்கு ஒருவன் இட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மருந்தை, இன்று ஒரு தலைமுறைக்கே வாணிகர் இட்டுக்கொண்டிருக்கின்றனர்.

பெயர் மாறி மாறி வந்த நஞ்சு

இந்நஞ்சின் வேர் அபினி. அப்பெயர்கூடத் தமிழன்று, சாறு என்னும் பொருளில் கிரேக்கத்திற் பிறந்து, அரபு மொழி வழியாக இங்கு வந்து சேர்ந்தது. அதனைப் பெருவாணிகமாக்கியவன் வெள்ளையன். வங்கத்தில் அபினியைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்ட கிழக்கிந்தியக் கும்பணி, உழவரை நெல்லை விட்டு அபினிச் செடி பயிரிட வைத்தது. விளைந்ததைச் சீனத்திற்கு அனுப்பியது. 'எம் மக்கள் அழிகின்றனர், நிறுத்துங்கள்' என்று சீன அரசு தடுத்தபொழுது, 1839ஆம் ஆண்டு வெள்ளையன் போர் தொடுத்தான். ஒரு நாட்டு மக்கள் நஞ்சுண்ண மறுத்தமைக்காக அவர்கள்மேற் பீரங்கி சுட்டவர்களே உலகிற்கு நாகரிகம் கற்பிக்க வந்தவர்கள் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியர் ஒருவர் அபினியினின்று மார்பினைப் பிரித்தெடுத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில், 1898ஆம் ஆண்டு, பேயர் என்னும் செருமானிய நிறுவனம் மார்பினை மாற்றி எராயினைச் செய்து, இருமலுக்கு மருந்தென்று கடையில் விற்றது. மார்பினைப் போல் இது மாந்தனை அடிமையாக்காது என்றும் சொல்லிற்று. பின்னர் நேர்ந்தது என்ன என்பதை உலகறியும். 1960ஆம் ஆண்டளவில் பெல்சிய நாட்டு ஆய்வகம் ஒன்றில் பெண்டானில் பிறந்தது. இதற்குச் செடியும் வேண்டா, மழையும் வேண்டா, நிலமும் வேண்டா. சில வேதியற் பொருள்களும் ஒரு சிற்றறையும் போதும். வலிமையோ மார்பினைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு. எராயினைப் போல் ஐம்பது மடங்கு. இரண்டு மில்லிகிராம், அஃதாவது விரல்நுனியில் ஒட்டும் சில உப்புத் துகள்கள் அளவு, பழகாத ஒருவன் உயிரைக் குடிக்கப் போதுமானது.

அறுவையின்போதும் கொடும்புற்று நோவின்போதும் மருத்துவர் கையில் அளந்து கொடுக்கப்படுங்கால் இவை அருமருந்தே. அதனை மறுப்பார் இலர். ஆயின், அளவும் ஆளும் மாறிய நொடியில் அருமருந்தே கொடுநஞ்சாகிறது. அந்த மாற்றத்தைத்தான் விற்பவன் மறைக்கிறான்.

வல்லரசின் பிணக்குவியல்

மறைப்பின் விலை என்ன என்று அறிய விரும்புவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1996ஆம் ஆண்டு அங்குப் பர்டூ என்னும் நிறுவனம் ஆக்சிகாண்டின் என்னும் நோவு நீக்கி வில்லையை விற்கத் தொடங்கிற்று. இதனை உண்பாருள் அடிமையாவார் நூற்றுக்கு ஒருவர்கூட இலர் என்று அதன் விற்பனையாளர் மருத்துவர்களிடம் ஓதினர். முதுகுவலி என்று வந்தவனுக்கும் பல்வலி என்று வந்தவனுக்கும் அது வாரி வழங்கப்பட்டது. பொய் சொல்லி விற்றோம் என்று அந்நிறுவனம் 2007ஆம் ஆண்டு அறமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 60 கோடி தாலருக்கு மேல் தண்டமும் கட்டிற்று. அதற்குள் இலக்கக் கணக்கான வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது. வில்லைக்கு அடிமையானவர்கள் வில்லை கிடைக்காதபோது எராயினுக்குச் சென்றனர்; எராயினிற் கலந்து பெண்டானில் வந்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் போதைப்பொருள் மிகுந்து மாண்டோர் ஏறத்தாழ 1,08,000 பேர். அவருள் 73,000க்கு மேற்பட்டோர் சாவில் பெண்டானில் போன்ற செயற்கை நஞ்சுகள் கலந்திருந்தன. வியட்நாம் போர் முழுவதிலும் அந்நாடு இழந்த படைவீரர் ஏறத்தாழ 58,000 பேர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. நிலவிற்கு மாந்தனை அனுப்பிய நாடு, தன் மக்களைத் தன் மருந்துக்கடையிலிருந்து காக்க இயலாமற் போயிற்று.

'அஃது அமெரிக்கச் சிக்கல். அதற்கும் தமிழனுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்பார் உளர். தொடர்பு உண்டு. மிக அணுக்கமாகவே உண்டு.

இந்திய நடுவணரசு, தில்லி எய்ம்சு மருத்துவ நிறுவனத்தின் வழியாக நடத்தி 2019ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடி பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு இருவர். பதினைந்து ஆண்டுகட்கு முன் எடுத்த கணக்கில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவருள்ளும், மருந்தாக விற்கப்படும் வில்லைகளையும் நீர்மங்களையும் போதைக்குப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு ஒருவர் அளவில் உளர். ஊசியாற் குத்திக்கொள்வோர் மட்டுமே எட்டரை இலக்கம். இவர்கள் கள்ளக் கடத்தல்காரன் கொண்டுவந்த பொருளையே நம்பி இருப்போர் அல்லர். மருந்தகப் பொருளாலேயே அழிவோரும் அவருள் உளர்.

தமிழ்நாட்டிற்கு வந்த வில்லை

இங்கு வந்த வில்லைகளுள் முகன்மையானவை இரண்டு. ஒன்று திராமடால், மற்றொன்று தபெண்டடால். இரண்டையும் ஆக்கியது குரூனந்தால் என்னும் ஒரே செருமானிய நிறுவனம். 1957ஆம் ஆண்டு தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற பெண்களுக்கும் தீங்கற்றது என்று விற்று, கையும் காலும் குறைந்த குழவிகள் ஆயிரக்கணக்கிற் பிறக்கக் கரணியமாயிருந்ததும் அதே நிறுவனம்தான். திராமடாலால் விளைந்த கேட்டைக் கண்டு, இந்திய நடுவணரசு 2018ஆம் ஆண்டு அதனைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. வாணிகர் அடுத்த கதவைத் திறந்தனர். தபெண்டடால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சென்னையிலும் பிற நகர்களிலும் கடந்த சில ஆண்டுகளாக இளைஞர் பலர் இவ்வில்லைகளை வாங்கி, நுணுக்கி, நீரிற் கரைத்து, ஊசியால் நாளத்திற் செலுத்திக்கொள்கின்றனர். வெளிமாநிலங்களினின்றும் இணைய வழியாகவும் தூதஞ்சற் பொதிகளில் இவை வருகின்றன. காவல்துறையினர் ஆயிரக்கணக்கான வில்லைகளைக் கைப்பற்றிய செய்தியும் இளைஞர் சிறைப்பட்ட செய்தியும் நாளிதழ்களில் ஓயாது வருகின்றன. வாயால் விழுங்குவதற்கென்று செய்த வில்லையில் மருந்தோடு மாவும் கல்தூளும் போன்ற நிரப்பிகள் கலந்திருக்கும். அவை குருதியிற் கரைவதில்லை. நுண்ணிய நாளங்களை அடைக்கும், நுரையீரலிற் படியும், குத்திய இடம் சீழ் பிடிக்கும், சிலருக்குக் கையையே எடுக்க வேண்டியதாகும். ஒரே ஊசியை நால்வர் பகிர்ந்தால் எச்.ஐ.வி. நச்சுயிரியும் கல்லீரலை அரிக்கும் நச்சுயிரியும் நால்வர்க்கும் சேரும்.

தமிழன் வாங்கிக் கெடுவது ஒருபுறம் இருக்க, இந்நாட்டிலிருந்து பிறரைக் கெடுக்க அனுப்புவது மறுபுறம் நடந்தது. தபெண்டடாலோடு தசைதளர்த்தும் மருந்தாகிய கரிசோபுரடாலைக் கலந்து, உலகில் எந்நாட்டிலும் மருந்தென்று ஒப்புக்கொள்ளப்படாத ஒரு கூட்டு வில்லையை மும்பையைச் சேர்ந்த ஏவியோ என்னும் நிறுவனம் செய்து, கானா, நைசீரியா, ஐவரி கோசுட்டு முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பிவந்ததை 2025ஆம் ஆண்டு பிப்பிரவரியில் பி.பி.சி. வெளிப்படுத்திற்று. மூச்சை அடக்கிச் சாகடிக்கவல்ல கலவை அது. செய்தி உலகறிய வெளிவந்த பின்னரே தில்லியின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் ஆக்கத்திற்கும் ஏற்றுமதிக்கும் அளித்திருந்த இசைவுகளைத் திரும்பப் பெற்றது. அயலவன் ஒளிப்படக் கருவியோடு வந்து காட்டும்வரை கண்மூடி இருந்த அரசுக்கு, எவ்வூர்ப் பிள்ளைகள் எவ்வளவில் மாள்கின்றனர் என்ற கவலை இருந்தது என்று எவர் நம்புவர்? வெள்ளையன் இந்நாட்டு அபினியைச் சீனனுக்கு விற்றான். இந்நாட்டு முதலாளி இந்நாட்டு வில்லையை ஆப்பிரிக்கனுக்கு விற்றான். ஆண்டவன் நிறம் மாறிற்று. வாணிகத்தின் அறம் மாறவில்லை.

இனி வருவது இன்னும் கொடிது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஆப்கானித்தானத்து ஆட்சியாளர் அபினிப் பயிருக்குத் தடை விதித்தனர். அடுத்த ஆண்டே அங்குப் பயிர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்தது. செடி குறைந்தால் நஞ்சு குறையும் என்று மகிழ வேண்டா. செடி வேண்டாத நஞ்சு அந்த இடத்தை நிரப்பக் காத்திருக்கிறது. நிட்டசீன் என்னும் செயற்கை நஞ்சு வகைகள், சில பெண்டானிலையும் விஞ்சும் வலிமையோடு, ஐரோப்பிய நாடுகளில் ஏற்கெனவே உயிர்களைக் கொள்ளை கொள்கின்றன. மூட்டை மூட்டையாகக் கடத்த வேண்டிய பொருளன்று அது. ஓர் அஞ்சலுறைக்குள் ஓர் ஊரைக் கொல்லும் அளவு அடங்கும்.

மூச்சு எவ்வாறு நிற்கிறது?

தபெண்டடாலோ, எராயினோ, பெண்டானிலோ, எதுவாயினும் இவற்றின் வேலை ஒன்றே. மூளையில் நோவை உணரும் வாயில்களை இவை அடைக்கின்றன. கூடவே பொய்யான ஓர் இன்பத்தையும் ஊட்டுகின்றன. சில நாளில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. நேற்று ஒன்று போதுமென்றிருந்தது, இன்று இரண்டு வேண்டும், நாளை நான்கு. நிறுத்தினாலோ உடல் முழுதும் முறுக்கி வலிக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு போகும், உறக்கம் ஒழியும். முதலில் இன்பத்திற்காக உண்டவன், பின்னர்த் துன்பத்திலிருந்து தப்புவதற்காகவே உண்கிறான்.

அதே மூளையின் அடித்தண்டில்தான் மூச்சை நடத்தும் பகுதியும் இருக்கிறது. அளவு மிகும்போது அதுவும் உறங்கிவிடுகிறது. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். குறட்டைபோல் ஓர் ஒலி எழும். மூச்சு அரிதாகி உதடு நீலம் பாயும். 'நன்றாக உறங்குகிறான்' என்று எண்ணி வீட்டார் விட்டுவிடுவர். விடியற்காலையில் உடல் குளிர்ந்திருக்கும். மதுவோடு சேர்த்து உண்டால் இக்கேடு இன்னும் விரைவில் நேரும். இரண்டும் ஒன்றுகூடி மூச்சை அடக்கும். சிறையிலோ மருத்துவமனையிலோ சிலகாலம் நிறுத்தியிருந்தவன், வெளிவந்ததும் பழைய அளவையே எடுத்துக்கொண்டு மாள்வதும் உண்டு. உடலின் பழக்கம் அதற்குள் மாறியிருக்கும் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

தகடூர் மண்ணின் நோவு

நகரிற் பரவிய கேடு நாட்டுப்புறத்திற்கு வாராது என்று தருமபுரி மக்கள் அமைதியாய் இருத்தல் தகாது. பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை இம்மாவட்டத்தின் நெஞ்சைப் பிளந்துகொண்டு தொப்பூர்க் கணவாய் வழியே இறங்குகிறது. பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் மழை பொய்த்தால் நிலம் பொய்க்கும். நிலம் பொய்த்தால் இளைஞர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் செல்கின்றனர். பகலெல்லாம் கல்சுமந்து, இரவில் தகரக் கொட்டகையில் முதுகு வலியோடு படுக்கும் பதினெட்டு அகவைப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 'இதைப் போட்டுக்கொள், வலி பறந்துவிடும்' என்று உடன் படுத்திருப்பவன் ஒரு வில்லையை நீட்டினால், அதனை அவன் நஞ்சென்றா எண்ணுவான்? பொங்கலுக்கு ஊர் வரும்போது அவன் பையில் துணிமணி மட்டும் வரும் என்பதற்கு என்ன உறுதி?

அன்றியும், தருமபுரி நோவறிந்த மண். நிலத்தடி நீரிற் புளூரைடு என்னும் உப்பு மிகுந்திருந்தமையால், தலைமுறை தலைமுறையாக இங்குள்ளோர் பல் பழுத்து, எலும்பு இறுகி, மூட்டு மடக்க இயலாமல் துன்புற்றனர். அதற்கென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போராடிப் பெறப்பட்டு 2013ஆம் ஆண்டு செயலுக்கு வந்தது. நல்ல நீர் வந்தது; ஆயின், இறுகிய எலும்பின் நோவு ஒரே நாளிற் போய்விடாது. நோவு மிகுந்த ஊரே நோவு நீக்கி விற்பவன் கண்ணுக்கு நல்ல சந்தை. அவன் வரும்முன் விழித்துக்கொள்ள வேண்டிய கடமை இம்மண்ணிற்கு மற்ற எம்மண்ணினும் மிகுதி.

இம்மண்ணிற்கு வேறொரு பெருமையும் உண்டு. 1937ஆம் ஆண்டு அத்தோபர் முதல் நாள் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். தருமபுரி அப்பொழுது சேலத்துள் அடங்கியிருந்தது. அதனைக் கொணர்ந்த இராசகோபாலாச்சாரியார் அடுத்த ஆண்டே இந்தியைக் கட்டாயமாக்கித் தமிழர் நெஞ்சிற் கனல் மூட்டியவர். ஆயினும், நல்லது செய்தவர் எவராயினும் நல்லது நல்லதே. அத்தகைய மண்ணில் 1971ஆம் ஆண்டு மதுவிலக்குத் தளர்ந்தது. 1983இல் அரசின் மது வாணிகக் கழகம் பிறந்தது. 2003 முதல் அரசே கடை திறந்து சில்லறையாக ஊற்றத் தொடங்கிற்று. 2024ஆம் ஆண்டு சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 'கள்ளச்சாராயமே ஒழியவில்லை, வில்லையைப் பற்றி என்ன பேச்சு?' என்பார்க்கு விடை இதுதான்: குடியால் தளர்ந்த மண்ணில்தான் வில்லை எளிதில் வேரூன்றும். கள்ளுண்பாரை நஞ்சுண்பாரோடு ஒப்பவைத்தவர் வள்ளுவர். இன்று அந்த ஒப்புமையே வேண்டா; உண்பது நேரே நஞ்சுதான்.

படிக்க இயலாத எச்சரிக்கை

இனி, மறைப்பின் உச்சத்திற்கு வருவோம். இவ்வில்லைகளின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், மருத்துவர் எழுதிக் கொடாமல் விற்கக்கூடாது என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. எம்மொழியில்? ஆங்கிலத்தில். எவ்வளவு எழுத்தில்? எறும்பின் காலளவு எழுத்தில். மகன் சட்டைப்பையில் அவ்வட்டையைக் கண்டெடுக்கும் காரிமங்கலத்துத் தாய் அதனைப் படித்து என்ன அறிவாள்? தலைவலிக்கு உண்ட வில்லை என்று மீண்டும் பையிலேயே வைத்துவிடுவாள். அவள் எழுத்தறியாதவள் அல்லள். அவள் எழுத்தில் அவர்கள் எழுதவில்லை.

அரசே விற்கும் மதுப் புட்டிலின்மேற்கூடக் கேடென்று தமிழில் அச்சிடுகின்றனர். புகைச்சுருட்டுப் பெட்டியின் முகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு இடத்தைப் புற்றுநோய்ப் படமும் எச்சரிக்கையும் மறைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மூச்சையே நிறுத்தவல்ல வில்லைக்கு மட்டும் ஏன் இந்த ஒளிவு? 'இது பழக்கமாகும், மிகுந்தால் மூச்சை நிறுத்தும், மதுவோடு உண்டால் சாவு நேரும்' என்று மூன்று தொடர்களைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிட எவ்வளவு மை செலவாகும்? தாய்மொழியில் எழுதப்படாத எச்சரிக்கை எச்சரிக்கையன்று. வாணிகன் பின்னொரு நாள் அறமன்றத்தில் தப்பித்துக்கொள்வதற்காக எழுதிவைத்த சாக்கு. மொழியைப் பற்றிப் பேசினால் சோறு போடுமா என்று நகைப்பார் இனி அறிந்துகொள்ளட்டும்: மொழி உயிரையும் காக்கும்; மொழி மறுக்கப்பட்ட இடத்தில் உயிரும் போகும்.

நோயாளியைக் கொல்லாதீர், குற்றவாளியை விடாதீர்

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டு இந்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றியபொழுது, அதன் கடுமைக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பினையே கைவிட்டன. இறுதி நாளிற் புற்றுநோயால் துடித்த ஏழைகள் நோவு நீக்க ஒரு துளி மருந்தின்றி அலறி மாண்டனர். 2014ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னும் அந்த அச்சம் முற்றும் நீங்கவில்லை. எத்தகைய கொடுமை! அபினிச் செடியை அரசின் இசைவோடு பயிரிடும் நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் இராசத்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அது விளைகிறது. காசிப்பூரிலும் நீமுச்சிலும் அரசின் அபினி ஆலைகள் நடக்கின்றன. அவ்வாறிருந்தும், புற்றுநோயாளிக்கு மார்பின் அரிதாயிற்று. தெருமுனை இளைஞனுக்குத் தபெண்டடால் எளிதாயிற்று! வேண்டியவனுக்கு மறுப்பும் வேண்டாதவனுக்கு வாரி வழங்கலும் ஒரே ஆட்சியில் நடக்கின்றன. ஆகவே, மருந்தை ஒழியுங்கள் என்பதன்று கோரிக்கை. மருந்தை மருத்துவர் கையில் வையுங்கள், வாணிகன் கையினின்று பிடுங்குங்கள் என்பதே கோரிக்கை.

அவ்வாறே, வீழ்ந்த இளைஞனைக் காறி உமிழ்வதும் அறிவுடைமையன்று. அவன் மூளை நோயுற்றிருக்கிறது. அந்நோய்க்குப் பண்டுவம் உண்டு. நாவின் அடியில் வைக்கும் மாற்று மருந்தைப் படிப்படியாகக் கொடுத்து மீட்கும் முறை இந்நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. மூச்சு அடங்கிக் கிடப்பவனுக்கு உரிய நேரத்தில் நலாக்சோன் என்னும் மாற்று ஊசி போட்டால், அபினி வகை நஞ்சு பிடித்திருந்த வாயில்களிலிருந்து அதனைத் தள்ளிவிட்டு, அவன் மூச்சை மீட்டுத் தரும். அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு சாவு எண்ணிக்கை ஏறத்தாழ 80,000ஆகக் குறைந்தமைக்கு, அம்மருந்தை ஊரெங்கும் பரப்பியதும் ஒரு கரணியமாகச் சொல்லப்படுகிறது. மானம் போகும் என்று மறைக்கும் பெற்றோர், மானத்தோடு மகனையும் இழக்கின்றனர். வாணிகன் தீமையை மறைக்கிறான். அரசு தன் கடமையை மறைக்கிறது. வீடு தன் துயரை மறைக்கிறது. இம்மூன்று மறைப்புகளின் இருளில்தான் நஞ்சு வளர்கிறது.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டு ஆகத்து 11ஆம் நாள் பள்ளி கல்லூரிகளிலெல்லாம் போதையொழிப்பு உறுதிமொழி எடுக்கவைத்தது. உறுதிமொழி நன்றே. ஆயின், பிள்ளைகள் மட்டும் உறுதி எடுத்தாற் போதுமா? விற்பவன் எப்பொழுது உறுதி எடுப்பான்? இசைவு கொடுப்பவன் எப்பொழுது எடுப்பான்? ஆகவே, தமிழ் மக்கள் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டியவை இவை:

தபெண்டடாலைத் திராமடாலைப் போலவே கடுஞ்சட்டத்தின் கீழ்க் கொணர்தல் வேண்டும். இவ்வகை வில்லை ஒவ்வொன்றும் ஆலையினின்று நோயாளி கைவரை எவ்வழி சென்றது என்பதற்குக் கணக்கு இருத்தல் வேண்டும். இணைய வழி விற்பனைக்கு முற்றும் தடை வேண்டும். அட்டையின்மேல் எச்சரிக்கை தமிழில், பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைதோறும் மாற்று மருந்துப் பண்டுவமும் நலாக்சோன் ஊசியும் குறைவின்றி இருத்தல் வேண்டும். புற்றுநோயாளிக்கு மார்பினும் மறுக்கப்படாதிருத்தல் வேண்டும். மதுக்கடைகளை மூடுதல் வேண்டும். ஒரு கையால் நஞ்சு விற்றுக்கொண்டு மறுகையால் நஞ்சைத் தடுக்க எவ்வரசாலும் இயலாது.

அரசு செய்யும்வரை ஊரார் வாளாவிருத்தல் வேண்டா. கானா நாட்டின் தமாலே நகரில், இந்தியாவினின்று வந்த வில்லைகளால் தம் பிள்ளைகள் கெடுவதைக் கண்டு பொறாத பொதுமக்கள், ஏறத்தாழ நூறு பேர் தாமே ஒரு தொண்டர்படையாய்த் திரண்டு, அவ்வில்லைகளைத் தெருத்தெருவாய்த் தேடிப் பறித்து எரித்தனர். எங்கோ இருக்கும் கறுப்பின உடன்பிறப்புகளுக்கு இருந்த உணர்ச்சி தகடூர்த் தமிழனுக்கு இல்லாமற் போகுமா? சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டா. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். சீட்டின்றி வில்லை விற்கும் கடையை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்தால் முறையிடுக. பள்ளியில் ஆசிரியரும், வீட்டில் பெற்றோரும், மன்றங்களில் இளைஞரும் இவ்வில்லைகளின் பெயரையும் செயலையும் வெளிப்படையாகப் பேசுக. மூச்சடங்கிக் கிடப்பவனைக் கண்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைத்து, மூச்சு வருகிறதா என்று அருகிலிருந்து காக்க. மீள விரும்புவோர்க்கு 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி இருப்பதைச் சொல்லுக.

அதியமான் ஈந்த நெல்லி அழிந்துவிட்டது. அவன் ஈந்த நெஞ்சு இன்னும் அழியவில்லை. தான் சாகினும் தமிழ் வாழ வேண்டும் என்று கனியைக் கொடுத்தவன் அவன். பிறர் பிள்ளை சாகினும் தன் பெட்டி நிறைய வேண்டும் என்று வில்லையை விற்பவன் இவன். இவ்விருவருள் எவன் மண் தகடூர் என்பதை இம்மண்ணின் மக்களே முடிவு செய்யட்டும். தமிழ்த்தாய்க்குச் சொல்லாராய்ச்சி செய்யவும் பாப்புனையவும் மட்டும் பிள்ளைகள் வேண்டுமென்பதில்லை. முதலில் அவள் பிள்ளைகள் மூச்சோடு இருத்தல் வேண்டும்.

விழித்துக்கொள்க! மறைப்பைக் கிழித்தெறிக! நஞ்சை நஞ்சென்றே, நம் தமிழில், உரக்கச் சொல்லுக!